அனஸ்தாசியாவும் இருமுகிற இஞ்சினும்

உலகத்திலேயே பெரிய ஹிப்-ஹொப் மேதை அமெரிக்காவில் இருப்பதாக யாராவது சொன்னால், பாவம், அந்த ஆள் குறிஞ்சிப்பிட்டிக்கு அங்கால், எங்கள் கரைக்கு, வந்ததில்லை என்று விட்டுவிட வேண்டும். அனஸ்தாசியா முதன்முதல் பீற் போட்ட நாளில், கடல் அலை அடிப்பதை நிறுத்திவிட்டுத் தாளம் பிடிக்கப் பார்த்தது. பிடிபடவில்லை. கற்பிட்டிக் கோட்டைக்குள் காலங்காலமாகச் செத்துக்கிடந்த ஒல்லாந்தர்கள் எழும்பித் தொப்பியைக் கழற்றினார்கள். அந்தக் கிழமை புத்தளத்து உப்பளங்களில் உப்பு தாளக்கட்டோடு விளைந்தது. யுத்தம் செய்துகொண்டிருந்த இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, “ஆர் அது?” என்று கேட்டன.

இதில் முக்கால்வாசி பொய். ஆனால் அவள் வீட்டுக்குள் இருந்தபடி பீற் போட்டு ஊரையே கரைக்கு ஓடவைத்தது மெய். அதற்கு ஊரிலுள்ள அத்தனை பெண்களும் சாட்சி. அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடிய மீன்கூடைகளும் சாட்சி.

அனஸ்தாசியா, மீன்பிடி போட் வைத்திருந்த இன்னாசிப்பிள்ளையின் மூத்த பிள்ளை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தாள் என்றால் சும்மா இருந்தாள் என்று அர்த்தமில்லை. மீன் வெட்டுவாள், உப்புப் போடுவாள், கருவாடு பரப்புவாள், காகம் விரட்டுவாள். காகம் விரட்டத் தகரத்தில் தட்டும்போது கூட ஒரு கணக்கோடுதான் தட்டுவாள். காகங்கள் கொஞ்சம் தள்ளி இருந்து கேட்டுவிட்டுப் போகும். அவளுக்குக் கீழே ஒரு தம்பி, பெயர் பஸ்தியான். லட்சணமான பொடியன். பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை, அது பள்ளிக்கூடத்தின் பிழை. அவனைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஹிப்-ஹொப் என்ற சாமான் அவள் காதில் விழுந்தது புத்தளம் போகிற பஸ்ஸில். பின் சீட்டுக்குக் கீழே பெரிய ஸ்பீக்கர் வைத்த பஸ் அது. பாட்டு மேலே காதில் கேட்காது; கீழே முதுகெலும்பில் கேட்கும். மற்றவர்கள் எல்லாரும் “குறைச்சுப் போடுங்க டிரைவர்” என்று கத்திக்கொண்டு வர, அனஸ்தாசியா இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் புத்தளம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். தாய் அல்பொன்சா கேட்டதற்கு, நித்திரையாகிவிட்டேன் என்றாள். அந்தச் சத்தத்தில் நித்திரை கொள்ளச் செத்தவனாலும் முடியாது.

கொம்பியூட்டர் இத்தாலியில் இருந்து வந்தது. கத்தரினா சின்னம்மா அங்கே ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். அந்த வீட்டுப் பொடியன் புதுக் கொம்பியூட்டர் வாங்கிவிட்டுப் பழையதைக் குப்பையில் வைக்கப்போக, சின்னம்மா அதைப் பறித்து, துவாய்க்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் சுற்றிக் கப்பலில் போட்டுவிட்டாள். அந்தப் பொடியன் உள்ளே விட்டுவைத்திருந்த சாமான்களில் பீற் போடுகிற புரோகிராமும் ஒன்று. சிரித்த முகத்தோடு ஒரு கட்டம் கட்டமான பலகை திரையில் வரும். கட்டத்தில் தட்டினால் ‘தும்’ என்னும், அடுத்ததில் தட்டினால் ‘சக்’ என்னும். எழுதியிருந்தது எல்லாம் இத்தாலிப் பாஷை. எந்தச் சொல்லைத் தட்டினால் வேலை மிஞ்சும், எதைத் தட்டினால் எல்லாம் அழியும் என்று அனஸ்தாசியா அழித்து அழித்தே படித்தாள்.

முதல் பீற்றை வீட்டில் எல்லாருக்கும் போட்டுக்காட்டினாள். அல்பொன்சா அடுக்களையில் இருந்து எட்டிப்பார்த்து, “வெங்காயத் தோட்டத்துத் தண்ணி மோட்டர் பழுதாப்போச்சா?” என்று கேட்டாள்.

“அம்மா, இது மியூசிக்.”

“மியூசிக் எண்டா பாட்டு எங்க?”

“பாட்டு பிறகு வரும்.”

“வரேக்க சொல்லு, அப்ப கேக்கிறன்.”

அனஸ்தாசியாவுக்கு அது வலிக்கவில்லை. தாய் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்தத் தும்மும் சக்கும் இத்தாலிப் பொடியனுடைய சத்தங்கள். அவனுக்கு அவை எங்கிருந்து வந்தனவோ. தன் வீட்டுக் கூரைக்குக் கீழே அவை வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி நிற்பதாக அவளுக்குப் பட்டது. அடுத்த நாளே வீட்டு றேடியோவுக்குள் வெற்றுக் கசெற் போட்டுத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். ஈர வலையைப் போட்டுக்குள் எறியும்போது வருகிற ‘தொம்’ அவளுடைய மேளம் ஆனது. காய்ந்த வெங்காயச் சருகை மைக்குக்குக் கிட்டக் கையால் கசக்கினால் ‘ச்சிக் ச்சிக்’ என்றது, அது தாளம். கசெற்றில் இருந்து ஒரு வயரால் கொம்பியூட்டருக்கு ஏற்றி, கட்டத்தில் வைத்தாள். கேட்டாள். வீடு சொந்த வீடானது.

அடியில் ஓடுகிற கனமான சத்தம் ஒன்றுதான் இல்லை. பஸ்ஸில் முதுகெலும்பில் கேட்டதே, அது. அதை அவள் தகப்பனின் இஞ்சினில் கண்டுபிடித்தாள். இன்னாசிப்பிள்ளையின் போட் கரைக்கு வருகிறபோது, தூரத்தில் தொடங்கி, கிட்ட வர வரத் தடித்து, கடைசியில் ஒரு முக்கல் முக்கிவிட்டு நிற்கும். கரையில் நின்று அதைப் பிடித்துவந்து, அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

அங்கேதான் வினை வந்தது.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் நேவி பாஸ் இல்லாமல் கடலில் கால் நனைக்க முடியாது. விடிந்த பிறகுதான் போகலாம், பொழுது சாய முன் கரையில் நிற்க வேண்டும். கடலில் என்ன நடந்தாலும் கரைக்குச் செய்தி வராது. பெண்களிடம் இருந்தது காது மட்டும். ஒவ்வொருத்திக்கும் தன் புருஷனின் இஞ்சின் சத்தம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனுடையதும் தெரியும். சோறு வடிக்கிறவள் கையை நிறுத்தித் தலையைச் சரித்து, “யோசேப்பு வந்திட்டான், பின்னால எங்கட ஆள்” என்பாள். பிறகுதான் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவாள். போட்டை இழுத்து ஏற்றவும் மீனைத் தெரிந்து பிரிக்கவும் அங்கே ஆட்கள் வேண்டும்.

அன்றைக்குப் போட்டுகள் பிந்திவிட்டன. பின்னேரமாகியும் சத்தம் இல்லை. ஊர் முழுக்கப் பெண்கள் எதையோ செய்கிற மாதிரிப் பாவனை பண்ணிக்கொண்டு கடலைக் கேட்டபடி இருந்தார்கள். அறைக்குள் இருந்த அனஸ்தாசியாவுக்கு அது ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் கேட்ட மாதிரி வருகிறதா என்று பார்க்க ஸ்பீக்கரை யன்னலில் வைத்து, சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டாள்.

ஊர் எழும்பியது. முதலில் ஓடியவள் அல்பொன்சா. கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் ஓடினாள். பின்னால் கூடைகள், பேசன்கள், அதற்கும் பின்னால் மீன் வியாபாரியின் மோட்டர்சைக்கிள். கரைக்கு வந்து பார்த்தால் கடல் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாய்க் கிடந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இன்னாசியண்ணன்ட இஞ்சின்தான். அந்த முக்கல் எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஆள் எங்க?”

“கிட்ட வருது... இல்ல, தூரப் போகுது... இந்தா, திரும்பக் கிட்ட வருது. என்னடி இது, மனுசன் வாறாரா போறாரா?”

ஒருத்தி சிலுவை போட்டாள். அல்பொன்சா கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றாள். ஆளில்லாத இஞ்சின் சத்தம் அந்தக் காலத்தில் சிரிக்கிற விஷயமில்லை.

அப்போது நிக்கொலஸின் மனைவி றோசமேரி மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கரையிலேயே கூர்மையான காது அவளுடையது.

“கடலப் பாக்காதீங்கடி,” என்றாள். “அல்பொன்சாக்கா, இது உங்கட வீட்டுக்குள்ள இருந்து வருது.”

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாகச் சொன்னால் புனிதர்கள் காதைப் பொத்துவார்கள். அத்தனை பெண்களும் கூடைகளோடு வந்து அனஸ்தாசியாவின் யன்னலில் நின்றார்கள். அவள் அப்போதும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அல்பொன்சா ஈரச் சீலையோடு உள்ளே போய், எதை நிறுத்துவது என்று தெரியாமல் சுவரில் இருந்த சுவிச்சுகள் எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

ஏச்சு நடந்துகொண்டிருக்கும்போதே உண்மையான இஞ்சின்கள் வந்தன. ஒருத்தியும் அசையவில்லை. “இன்னொருக்கா ஏமாற எங்களுக்கென்ன விசரா?” என்றார்கள். ஆம்பிளைகள் தாங்களாகவே போட்டுகளை இழுத்து ஏற்றி, மீனைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்கள். இன்னாசிப்பிள்ளை வாசலில் நின்று சொன்னார்:

“நேவிக்காரன் மறிச்சுவச்சு விட்டவன், அதான் சுணக்கம். கரையில வந்து பாத்தா ஒரு நாய்கூட இல்ல. நாங்கதான் செத்துப்போனமோ எண்டு யோசிச்சன்.”

யாரோ சிரித்தார்கள். அல்பொன்சா சிரிக்கவில்லை. கட்டின புருஷனுடைய இஞ்சினுக்கும் ஒரு பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஓடி, ஊருக்கு முன்னால் தண்ணீரில் நின்றவள் அவள்தான். “மெஷினக் கட்டி வை,” என்றாள் மகளிடம். “சிலாபத்து மாமா வீட்ட அனுப்புறன். உன்ர வயசுப் பிள்ளைகள் ஊரக் கூட்டிச் செபம் சொல்லுதுகள். நீ ஊரக் கூட்டிப் பகிடி பண்ணுற.”

அனஸ்தாசியா கெஞ்சவில்லை. அவள் மனம் இன்னும் ஏச்சுக்குள் கேட்ட கரைக்கதையிலேயே நின்றது. சத்தத்தைக் கேட்டதும் ‘இது இன்னாசியண்ணன்’ என்று பெயர் சொன்னார்களே! பஸ்ஸில் வந்த பாட்டை அவள் ஒருத்தி கேட்டாள். அவளுடைய பீற்றையோ ஊரே எழும்பி வந்து கேட்டிருக்கிறது.

“அம்மா,” என்றாள், “எல்லாற்ற இஞ்சினையும் போட்டா என்ன?”

அல்பொன்சா பக்கத்தில் எறியக்கூடிய சாமான் இருக்கிறதா என்று பார்த்தாள். இன்னாசிப்பிள்ளை நடுவில் வந்தார். கோயில் மூப்பர் மரியநாயகத்தைக் கேட்போம் என்றார். தை மாதத்தில் செபஸ்தியார் திருவிழா. திருவிழாப் பின்னேரம் கோயில் முற்றத்து மேடையில் எந்த நிகழ்ச்சி நடக்கும் என்று தீர்மானிப்பவர் மூப்பர். மூப்பர் முழுக் கதையையும் கேட்டார். அவருடைய மனைவியும் கூடையோடு ஓடியவர்களில் ஒருத்தி.

“கூடை தூக்கின பொம்பிளைகள் எல்லாரும் ஓம் எண்டா மேடையில போடலாம்,” என்றார். “ஒருத்தி மாட்டன் எண்டாலும் இல்ல.”

“போட்டு, சனம் காதப் பொத்தினா,” என்றாள் அல்பொன்சா, “அடுத்த நாளே மெஷின் சிலாபத்துக்கு.”

அப்படித்தான் பேச்சு முடிந்தது.

அனஸ்தாசியா முதல் வீட்டுக்குப் போனபோது நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டாம் வீட்டில், “எங்கட இஞ்சினும் அதில வருமா?” என்று கேட்டார்கள். வரும் என்றாள். “முதலாவதா வருமா?” என்றார்கள். அதற்குப் பிறகு அவள் வீடு வீடாகப் போகத் தேவை இருக்கவில்லை. அவர்களே வந்தார்கள். “எங்கட ஆள் நாளைக்கு வேளைக்கு வருவார், றேடியோவக் கொண்டு வா புள்ள.” “அவளின்ர இஞ்சின் பழசு, அத மெல்லமாப் போடு, எங்கடத உரத்துப் போடு.” முதல் வீட்டுக்காரி நாயைக் கட்டிவைத்துவிட்டு ஒரு கிண்ணத்தில் இறால் கறியோடு வந்தாள்.

கரையில் றேடியோவோடு நின்றவளை ஒரு நாள் நேவிக்காரன் பிடித்தான். போட்டுகளின் சத்தத்தைப் பதிந்து யாருக்கு அனுப்புகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். கேள்வி சின்னது, அதற்குப் பிழையான பதில் சொல்லிப் போனவர்கள் சிலர் வீடு திரும்பவில்லை. அனஸ்தாசியா வாயால் விளங்கப்படுத்த முடியாது என்று தெரிந்து கசெற்றைப் போட்டாள். மடியிலிருந்த வெங்காயச் சருகை எடுத்து அதற்கு மேலே கசக்கினாள். கால் பெருவிரலால் மணலில் தட்டினாள். அவனும் சின்ன வயது. கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தான், பிறகு அவன் விரலும் துவக்கில் தட்டத் தொடங்கியது. கடைசியில், “எங்கட படகுச் சத்தத்தை மட்டும் போடாதே” என்றான்.

“போட்டா சனம் ஓடிடும், மாத்தயா,” என்றாள் அவளும் சிங்களத்தில்.

அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அவள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள். அதையும் மைக் இல்லாத பக்கம் திரும்பி.

எல்லாரும் ஓம் சொன்ன பிறகும் றோசமேரி சொல்லவில்லை.

நிக்கொலஸின் இஞ்சின் இருமும். ஒழுங்காக ஓடிக்கொண்டு வந்து, திடீரென்று ‘டுக்-டுக்-ஹ்ஹக்’ என்று மூச்சைப் பிடித்து, கொஞ்சம் பிந்தி, ‘டுக்’ என்று மற்றதை விடும். வருஷக் கணக்காக அப்படித்தான். ‘நிக்கொலஸின் இஞ்சினுக்குப் பரியாரியிடம் கசாயம் வாங்கவேண்டும்’ என்பது கரையில் பழைய பகிடி. அதை ஒலிபெருக்கியில் போட்டு ஊரைச் சிரிக்கவைக்க றோசமேரிக்கு விருப்பமில்லை.

அனஸ்தாசியாவுக்கோ அந்த இருமல்தான் வேண்டும். மற்ற இஞ்சின்கள் எல்லாம் செபமாலை மாதிரி ஒரே சீராக ஓடின. கட்டத்துக்குள் வைத்தால் அடங்கிப் படுத்துவிடும். ஆள் தன்னை அறியாமல் தலையாட்ட வேண்டுமென்றால், வரவேண்டிய இடத்தில் வராமல் ஒன்று பிந்தி விழவேண்டும். அந்தப் பஸ்ஸில் அவளை இறங்கவிடாமல் பிடித்து வைத்ததும் அப்படி ஒரு பிந்தல்தான். அது கடற்கரை முழுவதிலும் நிக்கொலஸின் இஞ்சினில் மட்டும் இருந்தது.

நாளாந்தம் போய் றோசமேரியின் வாசலில் நின்றாள். தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். மீன் வெட்டிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு நாள் றோசமேரி, “சரி, ஓம். சனிக்கிழமை கொண்டு வா உன்ர றேடியோவ,” என்றாள். அனஸ்தாசியா அவளைக் கட்டிப்பிடித்தாள். மீன் செதில் இரண்டு பேருக்கும் பொதுவானது.

சனிக்கிழமை நிக்கொலஸின் போட் வந்தது. பட்டு மாதிரி வந்தது. ஒரு தும்மல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. றோசமேரி கரையில் தலைநிமிர்ந்து நின்றாள். ஓம் சொன்ன அதே நாள் புருஷனை நெருக்கி, இஞ்சினைக் கழற்றி, சிலாபத்தில் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பித் திருத்தியெடுத்திருந்தாள்.

“இப்ப போடு ஒலிபெருக்கியில,” என்றாள். “ஆர் சிரிக்கிறான் எண்டு பாப்பம்.”

அனஸ்தாசியா றேடியோவை நிறுத்தவும் மறந்து நின்றாள். திருவிழா அடுத்த கிழமை. கொடியும் ஏறிவிட்டது. “மாமி,” என்றாள், “அந்த இருமலுக்காகத்தான் நான் வந்தனான். அது இல்லாட்டி இது பீற் இல்ல, இஞ்சின் கடை.”

றோசமேரிக்குக் கோபம் வந்தது. “எங்கட பழுதக் கேட்டா வந்தனீ?” என்று தொடங்கி, இன்னாசிப்பிள்ளையின் பரம்பரை வரைக்கும் போய், கூடையை உதறிவிட்டு நடந்தாள். அனஸ்தாசியா வீட்டுக்கு வந்து, இருமல் இல்லாமல் அடுக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. சரியாக மட்டும் இருந்தது. தாய் வாசலில் இருந்து கேட்டுவிட்டு, பழைய கயிறு ஒன்றைத் தேடி எடுத்துக் கதிரையில் போட்டாள். பெட்டி கட்டுகிற கயிறு.

அடுத்த நாள் பூசை முடிந்து றோசமேரி வந்தாள். நல்ல சீலை, தலையில் முக்காடு. உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். கொம்பியூட்டரைப் பார்த்துத்தான் கதைத்தாள்.

“இஞ்சின் திருத்தி வந்த நாளில இருந்து எனக்குச் சரியில்ல, புள்ள. முந்தி அந்த இருமல் கேட்டா, அந்தாள் வாறார் எண்டு அடுப்ப மூட்டுவன். இப்ப இஞ்சின் வருது, ஆனா ஆற்றயோ இஞ்சின் மாதிரி வருது. வாசலில வந்து நிண்டு முகத்தக் கண்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வருது.”

அனஸ்தாசியா தேத்தண்ணி போடவா என்றாள்.

“தேத்தண்ணி வேணாம். அந்தத் தடிய இஞ்சால கொண்டா.”

தடி என்றது கொம்பியூட்டரோடு வந்த மைக்கை. இரண்டு கையாலும் பிடித்து, வாயோடு ஒட்டவைத்து, கண்ணை மூடினாள். முதலில் தூரத்தில் வருகிற மாதிரி, மூக்கால், சன்னமாக. பிறகு நெஞ்சால். பிறகு தொண்டையால். கிட்ட வந்தது, தடித்தது, ‘டுக்-டுக்-ஹ்ஹக்’ என்று மூச்சைப் பிடித்தது. பிடித்த இடத்தில் நின்றாள். எத்தனையோ பின்னேரங்கள் கரையில் நின்று, மற்றது வருமோ வராதோ என்று காத்த அந்த இடைவெளியை அச்சொட்டாகக் காத்தாள். பிறகு விட்டாள்: ‘டுக்.’

அடுக்களையில் அல்பொன்சாவின் கையில் இருந்த அகப்பை நின்றது. “நிக்கொலஸ் வந்திட்டான்,” என்று சொல்லிவிட்டு, சொன்னது விளங்கி, வாயைப் பொத்தினாள்.

“ஒருத்தருக்கும் சொல்லப்படாது,” என்றாள் றோசமேரி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு. “அந்தாளுக்கும்தான்.”

திருவிழாப் பின்னேரம் வந்தது. ஆசீர்வாதம் முடிந்து சனம் முற்றத்தில் நிறைந்திருந்தது. இருட்டுப்பட முன் எல்லாம் முடியவேண்டும் என்று நேவி சொல்லியிருந்ததால், சிறகு கட்டிய குட்டிச் சம்மனசுகளின் நடனம் ஓட்டமும் நடையுமாக முடிந்தது. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு யாகப்பு. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருக்கிற ஆள். அனஸ்தாசியா நீட்டிய சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பாட்டுக்காரர் ஆர், தங்கச்சி?”

“பாட்டுக்காரர் இல்ல, அண்ணன்.”

“வாத்தியக்காரர்?”

“கரையில இருக்கிற எல்லாரும்.”

“செபஸ்தியாரே,” என்றுவிட்டுப் போட்டான்.

தொம். ச்சிக். தொம் தொம். ச்சிக். சனம் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது. ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அனஸ்தாசியா மேடைக்குப் பக்கத்தில், தாயின் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை காதுக்குப் போனால் எல்லாம் முடிந்தது.

இன்னாசிப்பிள்ளையின் இஞ்சின் தூரத்தில் கேட்டது. கிட்ட வந்தது. முக்கியது.

“கூடைய எடுங்கடி!” என்று கூட்டத்துக்குள் ஒருத்தி கத்தினாள்.

முற்றம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்க முன் அடுத்த இஞ்சின். “யோசேப்பு!” அதற்கு அடுத்தது. “எங்கட! அது எங்கட!” ஒவ்வொரு வீடும் தன் இஞ்சின் வருகிற இடத்தில் எழும்பிக் கையை உயர்த்தியது. சொல்லில்லாத பாட்டுக்குச் சனம் சொல் போட்டது. ஊர் ஆட்களின் பெயர்கள்தான் சொல். தாளத்தோடு விழுந்தன. பொடியன்கள் குதித்தார்கள். குட்டிச் சம்மனசுகள் காகிதச் சிறகோடு குதித்தார்கள். யாகப்பு கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டினான்.

அப்போது வந்தது, எல்லா இஞ்சின்களுக்கும் மேலே ஏறி: டுக்-டுக்-ஹ்ஹக்...

முற்றம் முழுக்க மூச்சைப் பிடித்தது. கோயில் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே இடைவெளிக்குள் நின்றார்கள்.

...டுக்.

“நிக்கொலஸ்!”

கிழவன் கிழவி எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். தலைகள் எல்லாம் சேர்ந்து ஆடின. இருமல் திரும்ப வந்தது, திரும்ப மூச்சைப் பிடித்தார்கள், திரும்பக் கத்தினார்கள். மூப்பர் மரியநாயகம் கையிலிருந்த கோயில் செங்கோலால் நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தார். நிக்கொலஸை நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். மேலே இருந்தபடி அவன், “நான் அதத் திருத்தினேனேடா! சிலாபத்தில குடுத்துத் திருத்தினேனே!” என்று கத்தினான். ஒருவரும் கேட்கவில்லை.

றோசமேரி தூணோடு சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. தோளில் இருந்து இறங்கி வந்த நிக்கொலஸ் அந்த உதட்டைக் கண்டான். 

“நீயா?”

“கடலுக்குப் போறது நீங்க,” என்றாள் அவள். “கேட்டுக்கொண்டு நிக்கிறது நான்தானே.”

நிக்கொலஸ் முற்றத்தில் அத்தனை சனம் பார்த்திருக்க, பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்யமாட்டார்கள்.

பீற் முடிந்தது. யாகப்பு அடுத்த சீடியை எடுத்தான். அல்பொன்சாவின் இரண்டு கையும் மேலே எழும்பின.  அந்தக் கைகள் காதுக்குப் போகவில்லை. வாயைச் சுற்றிக் கூடு கட்டின.

“டேய் யாகப்பு! என்ர மகள்ற பாட்ட ஏன்டா நிப்பாட்டினாய்? திரும்பப் போடு!”

திரும்பப் போட்டான். பிறகு அதைத் திரும்பப் போட்டான். நேவிக் காவல் பொயின்ற்றில் இருந்து ஆள் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்கிற வரைக்கும் போட்டான். வந்த ஆளும் ஒரு தரம் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் சொன்னான்.

மெஷின் சிலாபத்துக்குப் போகவில்லை. நிக்கொலஸ் அந்தக் கிழமையே இஞ்சினைக் கழற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய், “பழையபடி ஆக்கித் தா” என்று நின்றதாகவும், இப்படி ஒரு கேள்வியைத் தன் சீவியத்தில் கேட்டதில்லை என்று அந்த மனுஷன் சொன்னதாகவும் கதை. உடப்புப் பக்கத்தில் இருந்து ஒரு கூட்டம் வந்து, தங்கள் இஞ்சின்களையும் போட்டுத் தருவாளா என்று கேட்டுப் போயிருக்கிறது. அனஸ்தாசியா யோசிக்கிறேன் என்றிருக்கிறாள். பெரிய ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தலாம் என்று பார்த்தால், முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிற அனஸ்தாசியா யன்னலுக்கு வெளியே இருந்து குரல் கொடுக்கிறாள்.

“டேய் பஸ்தியான், எழுதி முடிச்சிட்டியா?”

“என்னத்த? நான் கேம் விளையாடுறன்.”

“கேம் விளையாடுறவன் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டமாட்டான். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். றோசமேரி மாமி மைக்கப் பிடிச்ச இடத்தில ஏன் கன நேரம் தட்டாம இருந்தாய்?”

“கரண்ட் போனது.”

“கரண்ட் போனா மூக்கு உறிஞ்சுவாங்களா?”

“எனக்குத் தடிமன்.”

“சரி, தடிமன். திரையில கீழ் மூலையில சிவப்பாப் பொட்டு ஒண்டு எரியுதா எண்டு பார்.”

எரிகிறது. காலையில் இருந்து எரிந்திருக்க வேண்டும்; மைக் எல்லாவற்றையும் பதிந்திருக்கிறது.

“அழிச்சுப்போடாத,” என்கிறாள் அனஸ்தாசியா. கத்தியை வைக்கிற சத்தமும், கை கழுவுகிற சத்தமும் கேட்கின்றன. “நல்ல ஈரமான உறிஞ்சல்டா அது. இருமலுக்குப் பின்னால வச்சுப் பாக்கப்போறன்.”